பொல்லிகா: மீனவர் ஒருவர் மேயராக இருந்த ஊர்

இத்தாலியின் தெற்கே, சலேர்னோ மாவட்டத்தில் சிலெந்தோ என்னும் மலைநாடு கடலில் இறங்கும் இடத்தில் இருக்கிறது பொல்லிகா. மக்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். பழைய ஊர் மேலே மலைமீது. கீழே கரையில் அச்சரோலி, பியோப்பி என்று இரண்டு கடற்புறங்கள். ஆலிவ், அத்தி, நெத்திலி மூன்றும்தான் நெடுங்காலம் இங்கே சோறு போட்டன. மெனைக்கா என்ற பழைய வலையில் பிடித்த நெத்திலியை இந்தக் கரையில் இன்றும் மண்சாடியில் உப்பிட்டு ஊறவைக்கிறார்கள்.

உணவுக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த அமெரிக்கர் ஆன்செல் கீஸ், பியோப்பியில் வீடு கட்டிப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். மத்தியதரைக்கடல் உணவுமுறை உலகப் புகழ் பெற்றதில் இந்தச் சிற்றூருக்கும் பங்குண்டு. அதற்கென ஓர் அருங்காட்சியகமும் பியோப்பியில் இருக்கிறது.

அச்சரோலிக்காரரான ஆஞ்சலோ வஸ்ஸால்லோ கடலுக்குப் போய்ப் பிழைத்தவர். 1995இல் மேயரானார், ஊரார் அவரை ‘மீனவ மேயர்’ என்றே அழைத்தார்கள். கடல் கெட்டால் ஊர் கெட்டது என்பது அவருக்குத் தொழில் சொல்லித்தந்த பாடம். கரையோரம் கட்டடங்கள் பெருகாமல் பார்த்துக்கொண்டார். கழிவுநீர் கடலில் கலக்காதிருப்பதில் கண்டிப்பாக இருந்தார். 2010 தொடக்கத்தில், சிகரெட் துண்டைத் தெருவில் போட்டால் ஆயிரம் யூரோ வரை அபராதம் என்று அவர் போட்ட உத்தரவு நாடெங்கும் பேசப்பட்டது. அந்த வசந்தத்தில் நடந்த தேர்தலில் அவரை எதிர்த்து நிற்க ஆளில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 5 இரவு, காரில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒன்பது குண்டுகள். வயது 56.

செப்டம்பர் 10 அன்று அச்சரோலித் துறைமுகத்திலேயே திறந்த வெளியில் இறுதிச் சடங்கு நடந்தது. இரண்டாயிரம் பேர் வாழும் ஊரில் பல ஆயிரம் பேர் திரண்டார்கள். அவர் படகேறிய துறை அது. மேயராகி அவர் காத்த துறையும் அதுவே.

அவர் சாவுக்குக் காரணமும் அந்தத் துறைமுகம்தான் என்பது அரசுத் தரப்பின் வாதம். அதன் வழியே நடந்த போதைப்பொருள் கடத்தலை மேயர் கண்டுகொண்டார், புகார் செய்யுமுன் கொல்லப்பட்டார் என்கிறார்கள். விசாரணை பதினான்கு ஆண்டுகள் இழுத்தது. 2024 நவம்பரில்தான் நால்வரைக் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவர் காரபினியேரி காவல்படையின் உயர் அதிகாரி. கைது தீர்ப்பாகாது. ஆனால் சந்தேகம் காவல்துறைக்குள்ளேயே போய் நிற்பது இந்த வழக்கை மற்றக் கொலைகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

மேயர் இறந்து இரண்டு மாதத்தில், 2010 நவம்பரில், மத்தியதரைக்கடல் உணவுமுறையை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலியின் சார்பில் அதில் இடம்பெற்ற சமூகம் சிலெந்தோ. அதற்காக உழைத்தவர்களில் வஸ்ஸால்லோவும் ஒருவர். கோடையில் இங்கே குளிக்க வருகிறவர்கள் தண்ணீரின் தெளிவைப் புகழ்கிறார்கள். அது இயற்கை தந்தது மட்டுமல்ல; தன் ஊர்க்காரர்களிடமே கறாராக இருக்கத் துணிந்த ஒரு மேயரின் நிர்வாகமும் அதில் இருக்கிறது.