தேயிலை மலையில் மூன்று நாள்: சிக்கனம் யாருடைய செலவில்?

2025 ஆகஸ்டில் நாங்கள் மேற்கொண்ட மலைநாட்டுப் பயணத்தைப் பற்றி நண்பர்கள் சிலர் விசாரித்திருந்தனர். "ஏழு பேர், மூன்று நாள், ஒரு வான், எவ்வளவு முடிந்தது?" என்பதே எல்லோருடைய கேள்வியும். தொகையைச் சொல்வதில் பயனில்லை. எரிபொருள் விலை மாதந்தோறும் திருத்தப்படும் நாட்டில் அது விரைவிலேயே பழங்கணக்காகிவிடும். எதில் மிச்சம் பிடித்தோம், எதில் பிடிக்கக்கூடாது என்று முடிவு செய்தோம் என்பதைச் சொன்னால் ஒருவேளை யாருக்கேனும் பயன்படலாம்.

என் தங்கையின் மகன் பாரிஸில் வசிக்கிறான். அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதற்கு முந்திய கோடையில் அல்சாஸ் பிரதேசத்துத் திராட்சைத் தோட்டங்களினூடாகக் கேம்பர் வான் ஒன்றில் ஊர் சுற்றியவர்கள். சமையலும் படுக்கையும் வண்டிக்குள்ளேயே. பிரான்சில் 'பிரான்ஸ் பாசியோன்' என்றொரு ஏற்பாடு உண்டு. ஆண்டுக்கொரு சந்தா செலுத்தினால், அதில் சேர்ந்துள்ள விவசாயிகளின் நிலத்தில் ஓரிரவு கட்டணமின்றி வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். எதையும் வாங்கியே தீரவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனாலும் காலையில் புறப்படும்போது தோட்டக்காரரிடம் ஒரு போத்தல் வைன் வாங்காமல் வர மனம் இடந்தராது என்றான். "அந்த மாதிரி இங்கே ஒரு பயணம் போக ஏலாதா மாமா?" என்று கேட்டான்.

ஏலும். சொல்லப்போனால், நம்மவர்களுக்கு அது புதிதும் அல்ல. வெளிநாட்டவருக்கென்று இங்கே வாடகைக்கு விடப்படும் கேம்பர் வான்களின் நாட்கட்டணம் டொலரில் சொல்லப்படுகிறது. அது எமக்கு எட்டாது. ஆனால் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பாயும் தலையணையும் போட்ட ஒரு வான், ஒரு காஸ் அடுப்பு, சோற்றுப் பானை, தேங்காய் துருவி, தண்ணீர் கலன் – இவையே இலங்கைக் குடும்பங்களின் 'ட்ரிப்' என்பதன் இலக்கணம். ஆற்றங்கரையில் வானை நிறுத்திச் சோறு வடித்துப் பருப்பும் கருவாடும் சமைத்துண்ட அனுபவம் இல்லாத சிங்களவரோ தமிழரோ முஸ்லிமோ இந்நாட்டில் குறைவு. குண்டசாலையில் எங்கள் தெருவிலேயே வான் வைத்திருக்கும் இளைஞர் ஒருவரைச் சாரதியாக அமர்த்திக்கொண்டோம்.

திராட்சைத் தோட்டத்துக்கு ஈடாக எம்மிடம் இருப்பது தேயிலைத் தோட்டம். ஒப்புமை வெறும் அலங்காரமல்ல. எந்தச் சரிவில், எந்த உயரத்தில், எந்தக் காற்றில் வளர்ந்தது என்பதே வைனின் சுவையைத் தீர்மானிப்பது போல, தேயிலையின் சுவையையும் தீர்மானிக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. 1,200 மீற்றர் வரை இடைநிலம். அதற்கு மேல் உயர்நிலம். கண்டித் தேயிலையின் சாயம் கெட்டியானது. நுவரெலியாவினுடையது வெளிறிய பொன்னிறமும் மென்மணமும் கொண்டது. திம்புள்ளைப் பகுதிக்கு ஜனவரி முதல் மார்ச் வரை சிறந்த பருவம். ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. ஒரே நாளில் வானில் ஏறியிறங்கி இத்தனை வேறுபாட்டையும் நாவால் அறியலாம் என்பது ஒரு சிறிய தீவின் பாக்கியம்.

புறப்பட்ட இடத்துக்கும் ஒரு கதை உண்டு. கண்டியின் கடைசிச் சிங்கள மன்னனான ஸ்ரீ வீரபராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) தலைநகரை விட்டு மகாவலிக் கரையிலுள்ள குண்டசாலையிலேயே பெரும்பாலும் வாழ்ந்தான். 'குண்டசாலை மன்னன்' என்றே அவனுக்குப் பெயர். மதுரையிலிருந்து அவன் பெண்ணெடுத்த வழியில்தான் அவனுக்குப் பின் நாயக்கர் வம்சம் அரியணை ஏறி, 1815 வரை ஆண்டது. இதைச் சொன்னபோது பாரிஸ் பிள்ளைகள் இருவரும் வானின் கண்ணாடி வழியே எங்கள் ஊரைச் சற்று மரியாதையோடு பார்த்தார்கள். செலவில்லாத முதல் பொழுதுபோக்கு இதுதான்: போகிற பாதையின் கதையைத் தெரிந்துகொண்டு போவது.

முதல் நிறுத்தம் கண்டிக்கு மேலே ஹந்தானையில். 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001இல் அருங்காட்சியகமாக்கப்பட்டது. சிறு கட்டணத்துக்கு அரை நாளைப் பயனுள்ளதாகக் கழிக்கலாம். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் வர்த்தகத் தேயிலையைத் தொடங்கியதும், இரண்டாண்டில் கோப்பியில் இலைத்துரு நோய் விழுந்து அப்பயிரே அழிந்ததும், அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டதும் அங்கே காட்டப்பட்டிருக்கின்றன. டெய்லர் 1892இல் இறந்து கண்டி மஹியாவ மயானத்தில் அடங்கியிருக்கிறார். அவருடைய பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த 19 ஏக்கரில் காடு வெட்டிக் குழி தோண்டியவர்களின் பெயர்கள் எமக்குத் தெரியாது.

பேராதனை, கம்பளை, புசல்லாவ என ஏறும் பாதையில் இறம்பொடை நீர்வீழ்ச்சியைத் தெருவோரத்திலிருந்தே பார்க்கலாம். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது, காசு கேட்பதில்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றுப் பார்சலை அங்கே பிரித்தோம். அதற்கு மேலே பெருந்தெருவோரத் தொழிற்சாலைகள் சிலவற்றில் கட்டணமின்றியோ சிறு கட்டணத்திலோ உள்ளே அழைத்துச் சென்று காட்டுவார்கள். மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பிக் காற்றுச் செலுத்தி மணிக்கணக்காக வாட்டுகிறார்கள். பின்பு உருளையில் இட்டு நசுக்கி உருட்டுகிறார்கள், புளிக்க வைக்கிறார்கள், சூடேற்றி உலர்த்திச் சலிக்கிறார்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும். சுவை பார்ப்பவர் கரண்டியால் அள்ளி ஓசையெழ உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்புவதைக் கண்டு என் தங்கை மகன் சிரித்தான். "அல்சாஸிலும் இப்படித்தான் மாமா. அங்கே துப்புவதற்கு மனம் வராது."

நுவரெலியாவில் ஹோட்டல் அறைகள் விலை அதிகம். தோட்டப் பாடசாலையொன்றில் அதிபராயிருந்து ஓய்வுபெற்ற நண்பரின் முற்றத்தில் வானை நிறுத்திக்கொண்டோம். அவருக்கென்று குண்டசாலையிலிருந்து பலாக்காயும் மிளகும் கொண்டுபோயிருந்தோம். இரவுச் சமையலுக்கு லீக்சும் கரட்டும் முட்டைக்கோசும் பாதையோரத்துப் பெண்ணிடம் வாங்கினோம். அவர் சொன்ன விலையில் பத்து ரூபா குறைக்கச் சொல்லி என் மனைவி வாயெடுக்கையில் மகள் கையைப் பிடித்தாள். "அந்தப் பத்து ரூபா எங்களுக்கு எதுக்கம்மா?" அந்தக் கேள்வி அதன்பின் மூன்று நாளும் எங்களுடன் வந்தது.

அன்றிரவே அது மறுபடி எழுந்தது. எங்கள் நாட்டு வான் பயணங்களில் ஒரு பழைய வழக்கம்: பயணிகளுக்கு அறை, சாரதிக்கு அவருடைய இருக்கை. "நான் முன் சீற்றிலேயே படுத்துக்கொள்வேன் மாத்தயா, பழக்கந்தானே" என்றார் எங்கள் சாரதியும். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். ஆகஸ்டிலும் இரவில் எலும்பு குளிரும். மறுநாள் வளைவுக்கு வளைவு எங்கள் ஏழு பேரின் உயிரும் அவர் கையில். நண்பர் வீட்டு விறாந்தை அறையில் இருந்த ஒரே கட்டிலும் இரண்டு கம்பளியும் சாரதிக்கென்று ஒதுக்கப்பட்டன. பெண்களும் பிள்ளைகளும் வீட்டின் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். நானும் தங்கை மகனும் வானுக்குள் முடங்கினோம். அறை வாடகையை மிச்சம் பிடிப்பது சிக்கனம். அதைச் சாரதியின் தூக்கத்திலிருந்து பிடிப்பதற்கு வேறு பெயர் உண்டு.

இரண்டாம் நாள், இந்தத் தீவில் குறைந்த காசுக்குக் கிடைக்கும் மிகப்பெரிய காட்சி: நானுஓயாவிலிருந்து ஹப்புத்தளை வரை மூன்றாம் வகுப்புப் புகையிரதம். வான் வெலிமடை வழியாகச் சுற்றி வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. நானுஓயா வரை இப்பாதை 1885இல் வந்தது. பண்டாரவளையை 1894இல் எட்டியது. பதுளையை 1924இல்தான் தொட்டது. நாட்டின் மிக உயரமான நிலையமான பட்டிப்பொலையில் (1,891 மீற்றர்) மழை சாரலாக அடித்தது. ஓஹியாவுக்கு முந்திய சுரங்கத்தைத் தாண்டியதும் வெயில்! மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது மலைத்தொடருக்கு இப்பால் உலர்ந்த காற்றாக இறங்குகிறது. அந்தக் காற்றில் செடியின் வளர்ச்சி தளர்ந்து சாரம் இலையில் திரள்வதால்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணம். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் எடுக்கும் விளக்கம், பிள்ளைகளுக்கு ஒரு சுரங்கத்தின் நீளத்தில் விளங்கியது.

மூன்றாம் நாள் விடியுமுன்னே தம்பேதன்னைத் தொழிற்சாலை வரை வானிலும், அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் தூரம் நடந்தும் 'லிப்டன் இருக்கை' என்னும் மலைமுகட்டுக்குப் போனோம். தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கிய தோட்டம் இது. முச்சக்கர வண்டிகளும் மேலே போகும். ஆனால் நடப்பவருக்கே தோட்டம் தன்னைக் காட்டும். கூடையோடு கொழுந்தெடுக்க வரிசையாக ஏறிக்கொண்டிருந்த பெண்களை நோக்கி என் தங்கை மகன் கமெராவைத் தூக்கினான். நான் அவனைத் தடுத்து, முதலில் கேட்கும்படி சொன்னேன். கேட்டான். நடுவயதுப் பெண்ணொருவர் நின்றார். "நீங்க கேட்டீங்க தம்பி. மத்தவங்க புடிச்சிட்டுப் போயிருவாங்க. எங்க மூஞ்சி எந்தெந்த நாட்டுக்குப் போகுதுன்னு எங்களுக்குத் தெரியாது." படம் எடுக்கப்படவில்லை, பேச்சு மட்டும் நடந்தது. வீட்டில் இந்தத் தேயிலையையா குடிப்பீர்கள் என்று பெரிய பிள்ளை கேட்டபோது, "இது கப்பலுக்குப் போறது பாப்பா. எங்களுக்குத் தூள்தான்" என்று சிரித்தபடி ஏறிப்போனார்.

இறங்கிவந்த பின் எல்லவில் உல்லாசப் பயணிகளுக்கான கடையொன்றில் தேநீரும் கேக்கும் அருந்தினோம். பற்றுச்சீட்டைப் பார்த்த தங்கை மகன், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் எவ்வளவு என்று கேட்டான். 2024இல் 1,350 ரூபாவாக்கப்பட்டது என்றேன். அதற்காகப் பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18, 20 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு அந்தத் தொகையைத் தாண்டியிருந்தது. "அப்போ நாங்கள் மலிவாகப் பயணம் செய்யவில்லை மாமா. மலிவாக்கப்பட்ட இடத்தில் பயணம் செய்திருக்கிறோம்" என்றான் அவன். முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் நான் எழுதிய தலையங்கம் எதிலும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதாக நினைவில்லை.

1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்பே எஞ்சியோரும் உரிமை பெற்ற ஒரு சமூகத்தின் உழைப்புத்தான் நாம் இலவசமாகப் பார்த்து மகிழும் அந்தப் பச்சைச் சரிவு. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து நாட்சம்பளத்தை 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது. அதே மாத இறுதியில் டிட்வா புயல் வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாங்கள் போன தெருக்களும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்தன.

ஆகவே போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். புறப்படுமுன் எந்தத் தெரு திறந்திருக்கிறது, எதுவரை புகையிரதம் ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பாதை சீராக இருந்தால், பயந்துகொண்டு வராமல் இருந்துவிடாதீர்கள். புயலுக்குப்பின் பாதையோரக் கடைக்காரரின் முதல் தேவை வாடிக்கையாளர்தான். அறையில், உணவகத்தில், வாகனத்தில் எவ்வளவும் மிச்சம் பிடியுங்கள். மரக்கறி விற்கும் பெண்ணிடமும், றொட்டி சுடும் அம்மாவிடமும், சாரதியின் படுக்கையிலும் பிடிக்காதீர்கள். தேயிலையைத் தோட்டத்துக்கு அருகிலேயே வாங்குங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள்.

மூன்று நாளில் மிச்சமான பணம் எங்கள் பயணப் பையில் ஒரு கடித உறைக்குள் இருந்தது. அதைச் சாரதியின் கையில் கொடுத்தோம். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ட்ரிப் எப்போது மாத்தயா என்று கேட்டார்.