ஒரு கிட்டாரும் இருவகைச் சான்றும்

ஒரு பொருளின்மீது எழுதப்பட்டுள்ள பெயரை வாசிப்பது எளிது. அப்பொருளையே வாசிப்பது அரிது. தமிழ் பயில்வோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. ஒரு சுவடியின் முகப்பில் ஒரு புலவர் பெயர் இருந்த மாத்திரத்தால் அந்நூல் அவருடையது என்று நாம் கொள்வதில்லை. சொல்லாட்சி, யாப்பு, நூலுள் வரும் செய்திகள் ஆகிய அகச்சான்றுகளையும், பிற நூல்கள், கல்வெட்டுகள், உரைக்குறிப்புகள் ஆகிய புறச்சான்றுகளையும் ஒருங்கே வைத்து நோக்கிய பின்னரே ஆசிரியரையும் காலத்தையும் வரையறுக்கிறோம். இம்முறை ஏட்டுக்கு மட்டுமே உரியதா, வாழ்வின் பிற பொருள்களுக்கும் உரியதா என்னும் வினாவுக்கு ஒரு பழைய மின்கிட்டார் நமக்கு விடை தந்தது. அதனை மாணவச் செல்வங்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசைக்கருவியைச் சான்றுகளால் அறியும் முயற்சிக்குத் தமிழில் பெருமைமிக்க முன்னோடி உண்டு. வழக்கொழிந்து போன யாழை, நூற்சான்றுகளும் கணிதமும் துணையாகக் கொண்டு மீட்டெடுக்க முயன்றவர் ஈழத்து விபுலாநந்த அடிகளார். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று உரைகள் தரும் குறிப்புகளிலிருந்து கருவியின் அமைப்பையும் பண் முறையையும் அவர் ஆராய்ந்தார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947-இல் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். கையில் கருவியே இல்லாத நிலையில் அவர் அவ்வளவு உழைத்தார் எனில், கையில் இருக்கும் கருவியைப் பற்றி அறிய நாம் சிறிதேனும் உழைக்க வேண்டாமா?

கருவிகளின் பிறப்பிடம் பற்றிய ஆர்வம் நமக்கு இளமையிலேயே உண்டானது. எங்கள் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் ஒரு புல்புல்தாரா இருந்தது. தட்டச்சுப் பொறியைப் போல் பொத்தான்களை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் தந்திகளை மீட்டும் கருவி அது. ‘பாஞ்சோ’ என்றே அதனை வீட்டில் அழைப்பர். திருமண வீடுகளில் கவாலிப் பாடலோடு இசைந்து ஒலித்த அதனை நம் நாட்டுத் தொன்மைக் கருவி என்றே உறவினர் அனைவரும் கருதியிருந்தனர். அதன் மூலக் கருவியான ‘தைஷோகோட்டோ’ 1912-இல் ஜப்பானிய நகரமான நகோயாவில் மொரித்தா கோரோ என்பவரால் உருவாக்கப்பட்டது என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தோம். ஆயினும் அதனால் அப்பெட்டியின் மீதிருந்த அன்பு குறையவில்லை. எங்கோ பிறந்து நம் வீட்டுக்கு உரியதான ஒன்றாக அது மேலும் நெருக்கமாயிற்று.

இனி, கிட்டாரைப் பற்றிக் கூறுவோம். நம் துறையில் முதுகலை முடித்த மாணவர் ஒருவர் ஆரணியில் பட்டு நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையார் பகலில் தறியில் அமர்ந்தவர். மாலையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். திருமண மேடைகளிலும் திருவிழாப் பந்தல்களிலும் அவருடைய இசை ஒலித்ததை ஊரார் இன்றும் நினைவுகூர்வர். சென்னையில் தொழிலைவிட்டு ஓய்வுபெற்ற ஒரு கலைஞரிடம் அவர் அக்கருவியை வாங்கியிருந்தார். தந்தை மறைந்த பின்னர் அது பெட்டிக்குள் கிடந்தது. கல்வியியல் பட்டப்படிப்பில் சேர வேண்டிய நிலையில், அதனை விற்றுக் கட்டணம் செலுத்தலாம் என்று மாணவர் எண்ணினார்.

கருவியின் தலைப்பகுதியில் ‘ஃபெண்டர்’ என்னும் அமெரிக்கப் பெயர் இருந்தது. அவ்வாறாயின் அது பெரும் விலை பெறும். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அப்பெயரைக் கண்டே விலை பேசிவிட்டார். அத்தொகை கட்டணத்திற்குப் போதுமானதாகவும் மிஞ்சுவதாகவும் இருந்தது. ஆனால், வேறொரு வாசிப்பாளர் “இது அசலா என்பது ஐயம்” என்று கூறிச் செல்ல, மாணவரின் மனம் குழம்பியது. “ஐயா, போலி என்றால் அப்பா ஊரை ஏமாற்றினார் என்று ஆகாதா?” என்று அவர் நம்மிடம் கேட்டார். விலையைக் காட்டிலும் அவ்வினாவே நம்மை வருத்தியது. “தம்பி, முதலில் சான்றுகளைத் தேடுவோம், தீர்ப்பைப் பிறகு எழுதுவோம்” என்றோம்.

நாம் கிட்டார் வாசிக்க அறியோம். எனவே கருவியின் இயல்பை முதலில் கற்றோம். மின்கிட்டாரின் உயிர் அதன் பிக்கப் என்னும் உறுப்பில் உள்ளது. காந்தத்தைச் சுற்றி நுண்ணிய செப்புக்கம்பிச் சுருள் அமைந்திருக்கும். அதன்மேல் எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் மெல்லிய மின்னோட்டம் தோன்றும். 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் தத்துவமே இது. அம்மின்னோட்டத்தை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி ஒலியாக்குகிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிக்கன்பாக்கர் பெயரில் மின்கிட்டார்கள் விற்பனைக்கு வந்தன. கிப்சன் நிறுவனத்தின் ‘லெஸ் பால்’ 1952-இலும், லியோ ஃபெண்டரின் ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ 1954-இலும் தோன்றின. பிற்கால மின்கிட்டார்களுள் பெரும்பாலானவை இவ்விரு மரபுகளின் வழிவந்தவையே. கிப்சன் மரபில் கழுத்து உடலோடு பசையால் ஒட்டப்படும். தந்தியின் அதிர்நீளம் ஏறத்தாழ 24¾ அங்குலம். ஃபெண்டர் மரபில் கழுத்து திருகாணிகளால் பொருத்தப்படும்; அதிர்நீளம் 25½ அங்குலம்.

நம் முன்னிருந்த கருவியின் கழுத்து திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. தந்தி தொடங்கும் இடத்திலிருந்து பன்னிரண்டாம் கட்டைவரை அளந்து இரட்டித்தபோது 25½ அங்குலம் வந்தது. மாணவரின் முகம் மலர்ந்தது. எனினும், வெண்பா யாப்பில் அமைந்த நூலெல்லாம் ஒரே புலவர் இயற்றியது ஆகாது. நகல் செய்பவர் முதலில் நகலெடுப்பது அளவையே. ஆகவே அளவு ஒத்தமை ஒன்றே சான்றாகாது என்று மேலே சென்றோம்.

புறத்தே காணத்தக்க அடுத்த சான்று வரிசை எண். 1976-க்கு முன் ஃபெண்டர் நிறுவனம் அவ்வெண்ணைக் கழுத்தின் பின்புறத்து உலோகத் தட்டில் பொறித்து வந்தது. அதன்பின் எண் தலைப்பகுதிக்கு மாறியது. 1970களுக்கு ‘எஸ்’, 1980களுக்கு ‘ஈ’, 1990களுக்கு ‘என்’ என்னும் முன்னெழுத்துகள் சேர்க்கப்பட்டன. இக்கருவியில் ஈரிடத்தும் எண் இல்லை. தட்டில் ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்’ என்னும் சொற்கள் மட்டுமே இருந்தன. எஃகு இட்டு வலுவூட்டிய கழுத்து என்பது இதன் பொருள். 1970களில் ஜப்பானில் செய்யப்பட்ட பல கிட்டார்களில் இவ்வாசகம் காணப்படும். மேலும், பெயர் அட்டை மெருகின்மேல் பிற்காலத்தில் ஒட்டப்பட்டதாக விளிம்பு உயர்ந்து நின்றது. ஏட்டில் இடைச்செருகலைக் காணும் கண்ணுக்கு இது தப்பாது.

அகச்சான்றைக் காண வேலூரில் கருவி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் தந்திகளைத் தளர்த்தி, முன்புறத்து நெகிழித் தகட்டைத் திறந்தார். அமெரிக்கக் கருவியாயின் உட்குழிவில் ஆல்டர் அல்லது ஆஷ் மரத்தின் ஒரே சீரான இழை தெரிய வேண்டும். இங்கோ ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட பலகை அடுக்குகள் தெரிந்தன. வால்யூம் கண்ட்ரோலின் முதுகையும் பெரியவர் காட்டினார். அமெரிக்க உறுப்புகளில் செய்தவரையும் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும் எண்தொடர் பொறிக்கப்பட்டிருக்கும். 137 எனத் தொடங்கினால் அது சி.டி.எஸ். நிறுவனத்தது. நம் கருவியில் இருந்தவை சிறிய உறுப்புகள். அத்தகைய எண் எதுவும் இல்லை. திருகாணிகளும் அங்குலக் கணக்கில் அடங்காமல் மில்லிமீட்டர்க் கணக்கிலேயே அமைந்திருந்தன. தனித்தனியே நோக்கின் இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் வேறு விளக்கம் கூறலாம். உறுப்புகள் மாற்றப்பட்டிருக்கலாம் எனலாம். அனைத்தும் ஒரே திசையைக் காட்டும்போது முடிவு தெளிவாகிறது. அது 1970களில் ஜப்பானில் செய்யப்பட்ட, ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பின்பற்றிய கருவி.

தகட்டைத் திருப்பியபோது அதன் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய சில சொற்கள் தென்பட்டன. “சப்பான் கித்தார். சுவிட்சு மாற்றியது. ஆரணி, 1989 தை.” எழுத்தைக் கண்டதும் மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. அது அவர் தந்தையின் கையெழுத்து. பெயர் அட்டையை ஒட்டியவர் யார் என்பதற்குச் சான்றில்லை. சான்றில்லாதவிடத்து அமைதி காப்பதே ஆய்வறம். ஆனால் தந்தையார் கருவியை உள்ளபடி அறிந்திருந்தார் என்பதற்கும், அறிந்ததை எழுதி வைத்தார் என்பதற்கும் வேறு சான்று வேண்டியதில்லை. ஏட்டின் இறுதியில் ஏடெழுதியவர் தம் ஊரையும் நாளையும் குறித்து வைப்பதுண்டு. அதனையொத்த குறிப்பை ஒரு நெசவாளர் கிட்டாருக்குள் எழுதி வைத்திருந்தார்.

ஜப்பானியக் கருவி என்றவுடன் இகழ்ந்து ஒதுக்குவதும் தகாது. அமெரிக்க வடிவங்களைப் பின்பற்றித் தொழில் பழகிய ஜப்பானியப் பட்டறைகளின் திறன் 1970களில் பெரிதும் உயர்ந்தது. 1982-இல் ஃபெண்டர் நிறுவனமே ‘ஃபெண்டர் ஜப்பான்’ என்னும் கூட்டு நிறுவனத்தைத் தொடங்கி, மாட்சுமோட்டோ நகரத்து ஃபூஜிகென் ஆலையில் தன் பெயரிலேயே கருவிகளைச் செய்வித்தது. நம் நாட்டிலோ 1991-இன் பொருளாதார மாற்றங்களுக்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. கொல்கத்தாவின் ‘கிவ்சன்’ போன்ற உள்நாட்டுக் கருவிகளே பலருக்கும் எட்டின. அயல்நாட்டுக் கருவி ஒன்று வந்துவிட்டால் அது கைமாறிக் கைமாறிப் பல ஊர்களைக் காணும். அவ்வாறே இது ஆரணிக்கும் வந்து சேர்ந்தது.

பிறப்பிடம் என்பதும் ஆழ நோக்கின் ஒற்றைச் சொல்லில் அடங்குவதன்று. கிட்டாரின் விரற்பலகைக்கு உலகெங்கும் விரும்பப்படும் மரங்களுள் ஒன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். பிரேசில் நாட்டு ஈட்டியின் பன்னாட்டு வணிகம் 1992-இல் தடைசெய்யப்பட்ட பின் நம் மரத்தின் தேவை மேலும் பெருகியது. நம் காட்டில் வளர்ந்த மரம் அயல்நாட்டுப் பட்டறையில் கருவியாகி மீண்டும் நம் ஊர்ச் சந்தைக்கு வருவது இயல்பான நிகழ்ச்சியே. ஆரணிப் பட்டும் அத்தகையதன்றோ? இழை கருநாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. ஆயினும் அது ஆரணிப் பட்டே. நெய்த கையும் நெய்யும் முறையும் இவ்வூருக்கு உரியவை. புவிசார் குறியீடு அதற்கே வழங்கப்பட்டது. பொருளின் ஊர் என்பது அதனை உருவாக்கிய தொழிலறிவின் ஊர்.

ஆய்வின் முடிவை மாணவர் தம் அன்னையாரிடம் தயங்கியே கூறினார். அன்னையார் தறியிலிருந்து எழவும் இல்லை. “ஜரிகையை உரசினால் சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல், செம்பு தெரிந்தால் கலப்பு. கலப்பைக் கலப்பு என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். அதையும் ஆசையாக வாங்கிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதையும் அப்படிச் சொல்லியே கொடு” என்றார். நாம் பல நாள் முயன்று சொல்ல விரும்பியதை அவர் நான்கு வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

மாணவர் அவ்வாறே செய்தார். முதலில் விலை பேசியவரிடம் உண்மையைக் கூறினார். அவர் வாங்காமல் சென்றார். பின்னர் வேலூரில் இசைக்குழு ஒன்றில் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் வந்தார். அவருக்கு நிறைகுறை இரண்டும் எடுத்துரைக்கப்பட்டன. கழுத்து வளையாமல் நேராக உள்ளது; முடுக்காணிகள் சுருதியைத் தளரவிடாமல் காக்கின்றன; மூன்று பிக்கப்புகளும் ஒற்றைச் சுருள் வகையின ஆதலால் மின்விளக்கருகே இரைச்சல் எழும்; உடல் அடுக்குப் பலகை; பெயர் அட்டை கருவிக்கு உரியதன்று. அனைத்தையும் கேட்ட இளைஞர் வாசித்துப் பார்த்து, மனநிறைவோடு வாங்கிச் சென்றார். கிடைத்த தொகை முன்னர்ப் பேசிய விலையில் சிறு பங்கே. முதல் தவணைக் கட்டணம் அதில் அடங்கியது. எஞ்சியதற்கு மாணவர் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். விற்குமுன் பெயர் அட்டையை அவரே நீக்கினார். தந்தையின் பென்சில் எழுத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை அதன் இடத்திலேயே விட்டார். குறிப்பு ஏட்டோடு செல்வதே முறை என்று அவர் கூறியபோது, வகுப்பில் நாம் நடத்திய பாடம் வீண்போகவில்லை என்று உணர்ந்தோம்.

மாணவச் செல்வங்களே! சுவடிப் பதிப்பும் ஒப்பாய்வும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் பாடங்கள் அல்ல. சந்தையில் ஒரு பொருளை வாங்கும்போதும், ஒரு செய்தியை நம்பும்போதும், ஒரு மனிதரைப் பற்றிப் பிறர் கூறுவதைக் கேட்கும்போதும் அவை பயன்படும். முகப்பில் ஒட்டிய பெயரோடு நின்றுவிடாதீர்கள். பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். உட்புறத்தைத் திறந்து பாருங்கள். ஒரு சான்றைக் கொண்டு முடிவு கட்டாதீர்கள். விரும்பிய முடிவுக்குச் சான்று தேடாதீர்கள். கண்ட உண்மை நமக்கு இழப்பைத் தருமாயினும் அதனைச் சொல்லிவிட்டே பொருளைக் கைமாற்றுங்கள். புடவையின் முகப்பு எவ்வளவு ஒளிர்ந்தாலும் நெசவின் தரத்தை மறுபுறம் காட்டிவிடும் என்பதை இவ்வூரில் பிறந்தவர்க்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.