அப்பாவுக்கு ஒரு கண் ஏன் இல்லை?

 

மூணரை மாசக் குழந்தை, தடுப்பூசிக்கு வந்திருந்தது. காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து எழுதிக்கிட்டே நிமிர்ந்தப்போதான் கவனிச்சேன். அப்பாவோட இடது கண் அசையவே இல்லை. செயற்கைக் கண்.

"என்னாச்சுங்க?"

"ஒன்றரை வயசுல குச்சி குத்திடுச்சாம் சார். எடுத்துட்டாங்க."

பக்கத்தில் நின்ன பாட்டி தலையைக் குனிஞ்சுட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "குச்சி இல்லப்பா... கண்ணுல கட்டி. நாளைக்குப் பொண்ணு தர மாட்டாங்கன்னுதான் அப்படிச் சொல்லி வளர்த்தோம்."

முப்பது வருஷம் கழிச்சு அந்த மனுஷன் அப்போதான் முதல்முறையா இதைக் கேட்கிறார்.

சின்னக் குழந்தைக்குக் கண்ணில் கட்டி, கண்ணையே எடுத்தாங்கன்னா முதலில் நினைக்க வேண்டியது ரெட்டினோபிளாஸ்டோமா. விழித்திரையில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் 5 வயதுக்குள் வந்துவிடும். காரணம், ஆர்பி1 என்ற மரபணுவில் ஏற்படும் பழுது.

இரண்டு கண்ணிலும் வந்திருந்தால் அது பரம்பரையாகக் கடத்தப்படும் வகை என்றே எடுத்துக்கணும். ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களில் சுமார் 15% பேருக்கு அப்படி இருக்கும். இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போக 50% வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் வருவதுதான் அதிகம் என்பதால நாமளும் கேட்காம விட்டுடறோம்.

நாமன்னா, நான்தான். ஆறாவது வாரமும் பத்தாவது வாரமும் இதே குழந்தைக்கு ஊசி போட்டது நான். அம்மா மட்டும் தூக்கிட்டு வந்தாங்க. குடும்பத்தில் கண் பிரச்சனை உண்டான்னு ஒரு வார்த்தை கேட்கலை.

மறுநாளே கண் மருத்துவரிடம் அனுப்பினேன். பாப்பாவை விரிவடையச் செய்து பார்த்ததில் வலது கண்ணில், பார்வையின் மையத்தை விட்டுத் தள்ளி, ஒரு சின்னக் கட்டி. லேசர் கொடுத்திருக்காங்க. கண்ணும் இருக்கு, பார்வையும் இருக்கு. இனி சில வருஷத்துக்கு அடிக்கடி பார்த்துக்கிட்டே இருக்கணும்.

"என்கிட்ட இருந்துதானா சார்?"ன்னு கேட்டார்.

"ஆமாங்க. ஆனா உங்க தப்பு இல்லை. அம்மா மேலயும் கோபப்படாதீங்க"ன்னேன். இரண்டாவது சொன்னது காதில் விழுந்த மாதிரி தெரியலை.

அடுத்த முறை பாட்டி, பையனோட முதல் பிறந்தநாள் போட்டோவைக் கொண்டுவந்தாங்க. பிளாஷ் வெளிச்சத்தில் ஒரு கண் சிவப்பு. இன்னொண்ணு பூனைக்கண் மாதிரி வெள்ளை. உங்க குழந்தையோட போட்டோவில் அப்படித் தெரிஞ்சா அந்த வாரமே காட்டுங்க. பெற்றோரில் ஒருத்தருக்கு இந்த நோய் இருந்திருந்தா வெள்ளை தெரியட்டும்னு காத்திருக்காதீங்க, பிறந்த உடனே காட்டிடுங்க.