தார்சாவில் மாட்டும் படத்தை எதில் போடுவது?

பாளையங்கோட்டையிலோ நெல்லை ஜங்ஷனிலோ ஒரு கலர் லேப்பில் படம் போடக் கொடுத்தால் வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "மேட்டா, கிளாஸியா?" வீட்டுக்கு வந்தபின் அடுத்த கேள்வி, எந்த ஆணியில் மாட்டுவது என்பது. அந்தப் படம் எதனால் ஆனது, சாயமா நிறமியா, பிளாஸ்டிக் பூசிய தாளா பருத்தித் தாளா என்பதை யாரும் கேட்பதில்லை. தாமிரபரணிக் கரையில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஏன் என்பது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறக்காதவர்களுக்குத் தெரியும்.

காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 800 பயணிகளோடு நின்றுபோனது. ஆற்றை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் மெத்தை, மிக்ஸி, ரேஷன் கார்டு என்று போனவற்றைக் கணக்கெடுக்கும்போது போட்டோ கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். மற்றதெல்லாம் திரும்ப வாங்கிவிடலாம். நெகட்டிவ் இல்லாத ஆச்சி படத்தை எங்கே போய் வாங்குவது?

முதலில் கலர் லேப் படத்தைப் பார்ப்போம். டிஜிட்டல் காலத்திலும் நல்ல லேப்பில் இது மை தெளித்து அச்சிடுவது அல்ல. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசிய தாளில் லேசர் ஒளி பட்டு, பிறகு மருந்துத் தண்ணீரில் கழுவி எடுக்கிறார்கள். வெள்ளியெல்லாம் அந்தக் கழுவலில் போய்விடும். மிஞ்சுவது மஞ்சள், மெஜந்தா, சியான் என்ற மூன்று சாயங்கள். தாளின் இரண்டு பக்கமும் பாலிஎத்திலீன் பூச்சு. எழுபது, எண்பதுகளின் கல்யாணப் படங்கள் பல ஆல்பத்துக்குள் மூடியே இருந்தும் சிவந்து போனதற்குக் காரணம், அன்றைய தாளின் சியான் சாயம் இருட்டிலும் சிதைந்ததுதான். இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் தேரிக்காட்டில் நிற்பதுபோல் இருக்கும் :-) அதற்கும் முந்தைய கறுப்பு வெள்ளைப் படம் வேறு ரகம். அதில் பிம்பமே உலோக வெள்ளி. ஒழுங்காகக் கழுவிய படமாக இருந்தால் தாத்தா படம் அப்பா படத்தைவிடத் தெளிவாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது ஃபைன் ஆர்ட் பிரிண்ட். அடிப்படையில் இது இங்க்ஜெட்தான். அப்படிச் சொன்னால் ஆபீஸ் பிரிண்டர் ஞாபகம் வந்துவிடுமே என்று, 1991ல் ஜாக் டுகான் என்ற அமெரிக்க அச்சாளர் 'பீய்ச்சுவது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'ஷிக்லே' என்று ஒரு பெயரைக் கண்டுபிடித்தார். பெயர் பெரிதாக இருந்தாலும் அந்தக் காலத்து மை வெறும் சாயம், சீக்கிரம் வெளிறியது. 2000ஐ ஒட்டி நிறமி மை வந்த பிறகுதான் இந்த முறைக்கு மரியாதை வந்தது. நிறமி என்பது கரையாத நுண்துகள். கோயில் சுவரோவியத்துக் காவிக்கல் வகையறா. தாளும் அமிலம் இல்லாத கனத்த பருத்தித் தாள். ஜெர்மனியின் ஹானெமூலே ஆலை 1584லிருந்து காகிதம் செய்துவருகிறது. இந்த அச்சுக்காரர்கள் அடிக்கடி சொல்லும் பெயர் அது. விலை லேப் படத்தைப்போலப் பல மடங்கு.

எது அதிக நாள் இருக்கும்? ஹென்றி வில்ஹெல்ம் என்பவர் இதைச் சோதிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கிறார். அவர் கணக்குப்படி, கண்ணாடிக்குள் மாட்டிய நல்ல லேப் படம் 40 ஆண்டு தாங்கும். பருத்தித் தாளில் நிறமி மை அதைத் தாண்டிப் போகும். ஆனால் அந்தக் கணக்கு 24 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்கு. அக்கினி நட்சத்திரத்து நெல்லையில் அப்படி ஒரு அறை வேண்டுமென்றால் ஏசியை அணைக்கவே கூடாது.

அழகு என்று வந்தால் விஷயம் படத்தைப் பொறுத்தது. மேட் பருத்தித் தாளில் கறுப்பு முழுக் கறுப்பாக வராது. நெல்லையப்பர் கோயில் இருட்டுப் பிராகாரத்தில் ஒரே விளக்கு எரியும் படத்துக்கு கிளாஸி லேப் தாளே மேல். பொதிகை மலையில் மேகம் இறங்கும் படம், பழைய பென்சில் ஓவியத்தின் நகல் என்றால் பருத்தித் தாள் பக்கத்தில் லேப் தாள் நிற்க முடியாது.

ஆனால் தண்ணீர் இந்த வரிசையை எல்லாம் கலைத்துவிடும். லேப் படம் நனைந்தால் உள்தாள் பிளாஸ்டிக்கால் தப்பும். மேலே இருக்கும் ஜெலட்டின் மட்டும் ஊறிப் பிசின்போல ஆகும். பிறந்ததே தண்ணீர்த் தொட்டியில் என்பதால், இரண்டு நாளைக்குள் கைக்கு வந்தால் குளிர்ந்த நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, முகம் மேலே பார்க்கக் காயவைத்துக் காப்பாற்றலாம். நாள் போனால் பாக்டீரியா ஜெலட்டினைத் தின்றுவிடும். முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் இருக்கும். நிறமி அச்சில் இது தலைகீழ். நிறம் ஓடாது, நாலு நாள் கழித்தும் முகம் இருக்கும். ஆனால் சேறு பருத்தி நாருக்குள் இறங்கிவிடும். கழுவலாம் என்று விரலை வைத்தால் மேல்பூச்சு உரிந்து வரும். இரண்டிலும் மோசம் சாதாரணச் சாய இங்க்ஜெட் படம். நனைந்த உடனே கரைந்து ஓடும்.

வெள்ளத்தில் ஒன்றுமே ஆகாதது எது தெரியுமா? பிளக்ஸ். தலைவர்கள் முகத்தோடு கூரை மேல் விரித்தால் மழையையும் தடுக்கும். எண்ணெய் மையில் அச்சான பழைய சாமி காலண்டரில் தாள் ஊறினாலும் மை கரைந்து ஓடாது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜு (1898-1976) வரைந்த லட்சுமியும் முருகனும் சிவகாசியில் அச்சாகி, கடைக்காரர் கையால் இலவசமாக வீடு வந்து சேர்ந்தார்கள். தென்மாவட்டத்து வீடுகளுக்கு முதலில் வந்த ஃபைன் ஆர்ட் பிரிண்ட் அதுதான் என்று சொன்னால் கேலரிக்காரர்கள் கோபப்படலாம். படட்டும்.

ஆக, ஆற்றுப் பக்கத்து வீட்டுக்கு எது? மூலப் படத்தை ஸ்கேன் செய்து, ஃபைலை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிட்டால், தார்சாவில் மாட்ட லேப் படம் போதும். ஒரு பருத்தி அச்சின் காசில் லேப்பில் நாலைந்து பிரதி போட்டு நாலு ஊரில் வைக்கலாம். மச்சில் வெயில்படாத சுவர் இருந்தால், அங்கே மாட்டப் பருத்தி அச்சுக்குச் செலவழிக்கலாம். எதுவானாலும் மரத்தூள் பலகையில் ஒட்டி லேமினேஷன் செய்ய வேண்டாம். பலகை ஊதினால் படமும் கூடவே வெடிக்கும். பிரேம் போடும் அண்ணாச்சியிடம், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்ல வேண்டும். ஊறிய ஜெலட்டின் கண்ணாடியில் ஒட்டிக்காய்ந்தால் கோந்துதான்.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் சேற்றிலிருந்து பொறுக்கிய குடும்பப் படங்களைத் தொண்டர்கள் தொட்டி தொட்டியாகக் கழுவினார்கள். ஃபியூஜிஃபிலிம் கம்பெனியே இதற்கு ஒரு திட்டம் நடத்தியது. அவர்கள் செய்ததில் பெரும்பகுதி சுத்தத் தண்ணீரும் பொறுமையும்தான். கழுவ நேரமில்லை என்றால் ஈரமான படங்களுக்கு நடுவே மெழுகுத்தாள் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிட்டால் கெடுவது நிற்கும். ஏற்கெனவே கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்துவிட்டதா? பிரிக்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, அதிலிருந்து புதுப் படம் போட்டுக்கொள்ளலாம்.