தனுஷ்கோடி யாருடைய பாவம்?

இந்தத் தவக்காலத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் மூன்று நாள் தியானம் கொடுக்க ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். வெளியூர்க்காரர், நல்ல குரல்வளம். இரண்டாம் நாள் பேச்சு பாவமும் அதன் விளைவும் பற்றி. குடி, சூது, கள்ள உறவு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று கிழக்கே கையை நீட்டினார். "ரொம்பத் தூரம் போக வேண்டாம், இந்தா இருக்கு தனுஷ்கோடி. அங்க நடக்காத அக்கிரமமா? ஆண்டவர் ஒரே ராத்திரியில துடைச்சுப் போட்டாரு" என்றார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. பழக்கதோஷத்தில் நாங்களும் சொன்னோம்.

முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த எங்கள் அப்பத்தா மட்டும் சொல்லவில்லை. எண்பதைத் தொட்ட மனுஷி. மைக் இல்லாமலே கோயில் முழுக்கக் கேட்கும் குரல். "ஏஞ்சாமி, அந்த ரயிலுக்குள்ள இருந்த பச்சப்புள்ளைக என்ன பாவம் பண்ணுச்சுக?" என்று கேட்டார்.

"செபம் முடியட்டும் பாட்டி, பேசுவோம்" என்றார் அவர். செபம் முடிந்தது, வேன் வந்தது, போய்விட்டார். கேள்வி மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

1964 டிசம்பர் 22 இரவு. கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அதை எடுத்துக்கொண்டது. அதில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அந்தமானுக்குத் தெற்கே உருவான தாழ்வுநிலை புயலாகி, இலங்கையைக் கடந்து பாக் நீரிணைக்குள் வந்து செய்த வேலை அது. இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டாகிவிட்டது. போகிறவர்கள் இடிந்த மாதா கோயில் சுவருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். பாவத்துக்குத் தண்டனை கொடுக்க வந்த கடல் கோயிலை ஏன் இடித்தது என்று அந்தப் பிரசங்கியாரிடம் கேட்டிருக்கலாம். எங்களுக்கு எப்போதும் வேன் போன பிறகுதான் நல்ல கேள்வி தோன்றும்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறீர்கள், கிராமத்துப் பிரசங்கம் அப்படித்தான் இருக்கும் என்று தோழர்கள் சிலர் சொன்னார்கள். எங்களால் அப்படி விட முடியாது. நாங்கள் இந்தச் சாதியில் பிறந்ததே போன பிறவியின் பாவத்துக்குச் சம்பளம் என்று எங்கள் பாட்டன் பூட்டனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சேரியில் பிறந்தவன் ஏதோ செய்துவிட்டுத்தான் பிறந்திருக்கிறான் என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் ஞானஸ்நானத் தொட்டிக்குப் போனோம். கோயிலுக்குள்ளும் அதே தீர்ப்பு வேறு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படிப் பொறுப்பது? பிறவிக் குருடனைக் காட்டி, இது இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார். யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரம். பிரசங்கியார் கையில் இருந்ததும் அதே புத்தகம்தான்.

அப்படியானால் பாவத்துக்கு விளைவே கிடையாதா என்றால், இருக்கிறது. வானத்திலிருந்து விழுவதில்லை, அவ்வளவுதான். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குச் சீமைக்கருவேலத்தைக் காட்டினால் போதும். விறகுக்கு ஆகும், வேலிக்கு ஆகும், வறட்சியைத் தாங்கும் என்று பரப்பினார்கள். இன்று கண்மாய்க்குள் அது, வயலுக்குள் அது, கோயில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் அது. இதற்கு எந்தச் சாமியும் கோபப்பட வேண்டியிருக்கவில்லை. விதைத்தவர் போய்ச்சேர்ந்துவிட்டார், முள் குத்துவது அவர் பேரன் காலில், அதைவிட அதிகமாக அந்த வயலில் கூலிக்குப் போகிறவள் காலில்.

அப்பத்தா பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம். கட்டிக்கொடுத்துத்தான் இந்தக் கடற்கரைப் பக்கம் வந்தார். 1957இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி முதுகுளத்தூரில் கலெக்டர் சமாதானக் கூட்டம் போட்டார். அதில் சரிசமமாக உட்கார்ந்து பேசிய இம்மானுவேல் சேகரன் மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். ராணுவத்தில் இருந்து திரும்பி வந்து மக்களைத் திரட்டியவர். 33 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்த வயதைச் சொல்லும்போதெல்லாம் அப்பத்தா சிலுவைக் குறி போட்டுக்கொள்வார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

அடுத்து நடந்ததைத்தான் பாவத்தின் விளைவு என்று நாங்கள் படிக்கிறோம். 14ஆம் தேதி கீழத்தூவலில் போலீஸ் மறவர் இளைஞர்கள் 5 பேரைச் சுட்டுக் கொன்றது. ஊர் ஊராகத் தீ. வீராம்பலில் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்த நம் சனத்தைக் கோயிலுக்குள்ளேயே வைத்துத் தாக்கினார்கள். உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன, பெரும்பாலும் எங்கள் கூரைகள். இரட்டைக் குவளையும், துண்டை இடுப்பில் கட்ட வைப்பதும் சின்ன விஷயங்களாகத்தான் அன்றைக்குப் பலருக்குத் தெரிந்தன. அவற்றிலிருந்து முளைத்தது இது. கீழத்தூவலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களும் அந்தப் பயிரைத்தான் அறுத்தார்கள் என்று சொல்ல எங்களுக்கு வெகுகாலம் பிடித்தது. அப்பத்தா அதை முன்பே சொல்வார். 2011 செப்டம்பர் 11, இம்மானுவேல் நினைவு நாளில் பரமக்குடியில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டிலும் தடியடியிலும் நம்மவர் 6 பேர் செத்தபோது, டிவி முன்னால் உட்கார்ந்து அவர் சொன்னது: "அப்ப வச்ச வெத இன்னும் காய்க்குது."

சபைக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் ஓரியூர் என்றால் தெரியாதவர் இல்லை. லிஸ்பனில் பிறந்த அருளானந்தர் 1693 பிப்ரவரி 4இல் அங்கேதான் தலை வெட்டப்பட்டுச் செத்தார். சிவந்த மண்ணை மடியில் முடிந்துகொண்டு போகாதவர் கிடையாது. அவர் வாழ்ந்த கோலம் பண்டாரசாமி கோலம். அந்தக் கோலம் ஏன் தேவைப்பட்டது? 1606இல் மதுரைக்கு வந்த தெ நோபிலி பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். அந்தக் கோலத்தில் இருப்பவர் எங்களோடு புழங்க முடியாது. எனவே எங்களுக்கென்று வேறு வகைச் சாமியார்கள். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஒரே சபைக்குள் இரண்டு வாசல் அன்றைக்குத் திறந்தது. அதன் வழியாகத்தான் தனி இருக்கை, தனிக் கல்லறை, எங்கள் தெருவுக்கு வராத சப்பரம் எல்லாம் வந்தன. அருளானந்தர் கதையில் இன்னொருவரும் உண்டு. மனந்திரும்பிய தடியத்தேவர் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிட்டார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் போய் முறையிட்டதால்தான் கொலை என்று வருஷா வருஷம் நாடகத்தில் அவளை வில்லியாகக் காட்டுவார்கள். ஓர் ஆண் பாவத்திலிருந்து வெளியே வந்தார், விலையை அந்தப் பெண்கள் கொடுத்தார்கள். நாடகத்தில் இதற்கு ஒரு வசனம்கூட இல்லை.

அரசின் பாவம் ஒன்றும் எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. எங்கள் சித்தப்பாவுக்குக் கோயில் பதிவேட்டில் ஒரு புனிதரின் பெயர், சாதிச் சான்றிதழில் வேறொரு சாமியின் பெயர். வேலை கிடைத்தது. அதன் பிறகு முப்பது வருஷம் அவர் நன்மை வாங்கவில்லை. பூசைக்கு வருவார், கடைசித் தூண் ஓரமாக நிற்பார், நன்மை கொடுக்கும் நேரம் வெளியே போய்விடுவார். பேதுரு மூன்று தடவைதான் மறுதலித்தார், நான் மாசா மாசம் சம்பளப் பட்டியலில் மறுதலிக்கிறேன் என்று ஒருமுறை சொன்னார். அவர் கல்லறையில் பெயர் எழுதவில்லை. எழுதினால் எந்தப் பெயரை எழுதுவது? ஊர்ப் பெயரை இங்கே நாங்கள் போடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதுவரை எழுதியதெல்லாம் அடுத்தவர் பாவம். இதோடு நிறுத்தியிருந்தால் எங்களுக்கும் சுகமாக இருந்திருக்கும். அப்பத்தா விடவில்லை.

தியானம் முடிந்த வாரம் அவர் எங்களைக் கூப்பிட்டுத் திருப்பூருக்குக் கூட்டிப் போகச் சொன்னார். எதற்கு என்றோம். "ஏகாலி மகனப் பாக்கணும்" என்றார்.

எங்கள் தெருவின் கடைசியில், தெருவை ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு புதிரை வண்ணார் குடும்பம் இருந்தது. தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் தலித்துகள் என்று ஒரு சாதி இருப்பது பலருக்குத் தெரியாது. 2009இல் அரசு அவர்களுக்கு நலவாரியம் அமைத்தபோது எங்களூரிலேயே பலர் அந்தப் பெயரை அப்போதுதான் தாளில் பார்த்தார்கள். தீட்டுத்துணி, பேறுகாலத் துணி, பிணத்துணி எல்லாம் அவர்கள் கையில். எங்கள் தெருவில் பாதிப் பேரைப் பிரசவம் பார்த்து வெளியே எடுத்தது அந்த அம்மாதான். அவரும் ஞானஸ்நானம் வாங்கியவர். எங்களைக் கோயிலில் பின்னால் உட்கார வைத்தார்கள். நாங்கள் அவரை எங்களுக்கும் பின்னால் உட்கார வைத்தோம். பொழுது சாய்ந்தால் வீடு வீடாக வந்து நிற்பார், மிஞ்சிய சோற்றை ஒரே சட்டியில் கொட்டுவோம். அதற்குப் பெயர் ராச்சோறு.

தொண்ணூறுகளில் சப்பரம் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று போராடினோம். கேஸ் வாங்கினோம், ஜெயித்தோம். ஜெயித்த அன்று தெருவே கூடி ஆட்டுக்கறி விருந்து. அந்த அம்மாவுக்கும் கறி போனது, கொல்லைப்புறம் வழியாக, அதே சட்டியில். பக்கத்தில் நின்ற மகனுக்குப் பதினைந்து வயது இருக்கும். சட்டியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். அடுத்த மாசம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டான். அதற்கடுத்த சாவுக்கு மாற்றுத்துணி விரிக்க ஆளில்லை என்று எங்கள் பெரியவர்கள் அவனைத்தான் திட்டினார்கள். 1994இல் இமையம் 'கோவேறு கழுதைகள்' எழுதி இந்தப் பிழைப்பைக் காட்டியபோதும் நம்மவர்கள் சிலருக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது.

அந்தக் கறியைச் சட்டியில் ஊற்றியது அப்பத்தாவின் கை. பல தடவை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறாராம். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். "சாமியார்ட்ட சொன்னா ஆச்சா? அவுககிட்டயில்ல சொல்லணும்" என்றார். சக்கேயு ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றது கூட்டத்துக்கு நடுவில். விசுவாசத்தால் பாவத்தை வெல்லலாம் என்று நாங்கள் நம்புவது இந்த வழியில்தான்: செய்ததை ஒத்துக்கொண்டாலும் கடவுள் நம்மைக் கைவிடமாட்டார் என்ற தைரியம் இருந்தால், போய் ஒத்துக்கொள்ள முடியும். இயக்கத்தில் பலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அப்பத்தாவுக்கு எண்பது வயதில் திருப்பூர் பஸ் ஏற வேறு எது தெம்பு கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, எல்லாரும் பறட்டை என்று கூப்பிட்டவர், ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதை நற்கருணையோடு சேர்த்துப் பேசினார். அவர் பாட்டுகளை ஊர்வலங்களில் நிறையப் பாடியிருக்கிறோம். உலை எங்கள் வீட்டில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பாடியிருக்கிறோம்.

திருப்பூரில் அவர் சொந்தமாக இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். அம்மா செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. எங்களை அடையாளம் தெரிந்தது. உள்ளே வாங்க என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

அப்பத்தா தரையில் உட்கார்ந்து, விருந்து, சட்டி, கொல்லைப்புறம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கதை தெரியாது போலிருக்கிறது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் அவருக்குத்தான் கூச்சம்.

"இப்ப எதுக்கு ஆத்தா வந்தீக? அம்மா இருக்கும்போது வந்திருக்கலாம்ல" என்றார்.

"வந்திருக்கணும்" என்றார் அப்பத்தா. பிறகு, "பசிக்குதுய்யா. சோறு இருந்தா போடு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் மனைவி தட்டு எடுத்து வந்தார். சோறும் ரசமும், முட்டை பொரித்தது. அப்பத்தா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் கடைக்குப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பேசி அனுப்பியது அவர் மகன்.

இராமநாதபுரம் வரும்வரை அப்பத்தா ஜன்னலோரம் பேசாமல் வந்தார். இறங்கும்போதுதான், ரசத்தில் புளி கொஞ்சம் கூடிப்போச்சு என்றார்.