மேனி நலமும் அடுப்பங்கரையும்

முகத்திற்குப் பூசும் பொருள்களுக்காக நம் குடும்பங்கள் மாதந்தோறும் செலவிடும் தொகையை ஒரு பக்கமும், கீரைக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் செலவிடும் தொகையை மறுபக்கமும் எழுதிப் பார்ப்போமாயின் நம்மில் பலர் வியப்படைவோம்; சிலர் வெட்கமும் அடைவோம். தோலைப் பற்றிய கவலை வந்தவுடன் நம் கால்கள் கடைத்தெருவை நோக்கி விரைகின்றனவேயன்றி, அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பதில்லை.

நாம் வாழும் பிள்ளையார்பாளையம், காஞ்சி மாநகரின் நெசவாளர் பகுதி. குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்தவர், வெளிச்சம் குறைந்த அறையில் பொழுது சாயும்வரை உழைக்கின்றனர். பட்டு நூலுக்கு வலிமை சேரும்பொருட்டு அதனைக் கஞ்சியில் தோய்த்து வெயிலில் உலர்த்துவது இவ்வூர் வழக்கம். நூலுக்குக் கஞ்சி போதும். அந்நூலை நெய்பவருக்குக் கஞ்சி மட்டும் போதுமா?

வீடு சந்திப்பின்போது நெசவாளர் இல்லமொன்றிற்குச் சென்றிருந்தோம். யாரோ ஒரு மணமகளுக்கான முகூர்த்தச் சேலை தறியில் ஏறியிருந்தது. அவ்வீட்டு மகளுக்கும் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்பெண்ணின் முழங்கைகளிலும் புயங்களின் வெளிப்புறத்திலும் தோல் முள்முள்ளாகத் தடித்துச் சொரசொரத்திருந்தது. "எந்தக் களிம்பு பூசியும் இது போகமாட்டேன் என்கிறதே, சாமி" என்று தாய் வருந்தினார். அன்றாட உணவைக் குறித்து விசாரித்தோம். காலையில் இரண்டு இட்லி, மதியம் சோறும் ரசமும், இரவில் மீந்த சோறு. கீரையும் முட்டையும் விருந்தாளிகளைப் போல எப்போதாவது வந்துபோயின. "நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று தாயைக் கேட்டோம். "எல்லாரும் சாப்பிட்டபின் இருப்பதை" என்றார்.

மருத்துவரிடம் செல்லுமாறு கூறினோம். அவர் மகளின் கையைப் பார்த்து, ஊட்டக் குறைவே இதற்குக் காரணம் என்றார். பின்னர், தாம் நோயாளி என்று எண்ணாமலே உடன் சென்றிருந்த தாயின் கண்ணிமையை இறக்கிப் பார்த்தார். இரத்தமின்றி வெளுத்திருந்தது. வாயின் இரு ஓரங்களிலும் வெடிப்பு. மகளின் தோலுக்காகச் சென்ற இடத்தில் தாயின் நோய் வெளிப்பட்டது.

இச்சொரசொரப்பு புதிதன்று. 1933-ஆம் ஆண்டில், இலங்கையில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவர் இதனை விவரித்து, தேரையின் தோலை ஒத்திருந்தமையால் அவ்விலங்கின் பெயரையே இதற்கு இட்டார். முதலில் 'ஏ' வைட்டமின் குறைவே காரணம் எனக் கருதப்பட்டது. நல்லெண்ணெய், கடலையெண்ணெய் போன்றவற்றிலுள்ள இன்றியமையாத கொழுப்பு அமிலங்களும், 'பி' தொகுதி வைட்டமின்களும் குறைவதற்கும் இதில் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. எனினும், தோலின் ஒவ்வொரு தடிப்பும் இதுவே என்று முடிவு செய்தல் தவறு. அதனை மருத்துவரே கூறவேண்டும்.

நம் நீலகிரியின் குன்னூருக்கும் இவ்வரலாற்றில் சிறப்பிடமுண்டு. 1918-இல் இராபர்ட் மெக்கரிசன் அங்கே தொடங்கிய உணவு ஆராய்ச்சி வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. சோற்றையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்து நின்றன. குற்றம் அரிசியினுடையதன்று, அரிசிக்குத் துணையாக இலையில் வேறொன்றும் இல்லாமையே குற்றம்.

கடல் கடந்த நாட்டிலும் இதே பாடம்தான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கழுத்தைச் சுற்றி மாலையிட்டாற்போல் தோல் கருகும் பெல்லாக்ரா நோய் பரவியபோது, அது தொற்றுநோய் என்றே பலர் அஞ்சினர். 1914-இல் ஆய்வை மேற்கொண்ட ஜோசப் கோல்ட்பெர்கர், அது மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளின் உணவுக்குறை என்று காட்டினார். அந்நோயைத் தடுக்கும் நியாசின் சத்து நம்மூர் வேர்க்கடலையில் நிறைந்துள்ளது.

ஆகவே, செலவு மிகுந்த வழிகளைத் தேடி அலையவேண்டியதில்லை. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பொன்னாங்கண்ணி, பப்பாளி, மஞ்சள் பூசணி ஆகியவற்றில் 'ஏ' வைட்டமினாக மாறும் கரோட்டின் உண்டு. சிறிதளவேனும் எண்ணெய் சேர்த்துச் சமைத்தால்தான் அது உடலில் நன்கு சேரும். தோலுக்கு உறுதி தரும் நார்ப்பொருளை உடல் உருவாக்க 'சி' வைட்டமின் வேண்டும்; அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் உண்டு. பருப்பு, முட்டை, மீன் ஆகியவை புரதம் தருவன. தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேலானது. சோறு வடித்த கஞ்சியைக் கொட்டிவிடுவது, 'பி' வைட்டமின்களில் ஒரு பகுதியைச் சாக்கடைக்கு வார்ப்பதாகும்.

களிம்புகளைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை. நிறத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறி விற்கப்படும் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதுண்டு. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இத்தகைய களிம்புகளைப் பூசிய சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. நிறம் பிறப்பால் வருவது. நலம் பேணுதலால் வருவது. கறுத்த மேனி குறையுள்ள மேனியன்று. நிறத்தை மாற்றப் போய் நலத்தை இழப்பது எவ்வளவு பெரிய பேதைமை!

பாபிலோன் அரண்மனையில் அரசனின் உணவை மறுத்து, பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் மட்டும் உட்கொண்ட தானியேலும் தோழர்களும் மற்றவர்களைவிட முகக்களையோடு விளங்கினர் என்று விவிலியம் கூறுவதை அறிவோம். தானியேலுக்குப் பத்து நாள் போதுமாயிற்று. நமக்குச் சற்று அதிகம் வேண்டும். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஒரு வாரம் கீரை உண்டு, "ஒன்றும் தெரியவில்லையே" என்று கைவிடுதல் முறையன்று.

நாம் கண்ட அப்பெண்ணுக்கு இரண்டு மாதங்களில் சொரசொரப்பு பெரிதும் குறைந்தது. தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுக்கப்பட்டது. ஆனால் மாத்திரையைவிடக் கடினமாயிருந்தது வேறொன்று: குடும்பத்தாரோடு உட்கார்ந்து, அவர்களுக்குச் சமமாக உண்ணும்படி அந்தத் தாயை இணங்கச் செய்வது. பல தலைமுறைப் பழக்கம் ஒரே நாளில் மாறிவிடுமா?

1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். இன்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் தட்டில் முட்டையும் இருக்கிறது. வீட்டில் தாயின் தட்டை நிரப்ப எந்த அரசும் வரமுடியாது. அது கணவரின் கடமை; வளர்ந்த பிள்ளைகளின் கடமை. இன்றிரவு உணவுக்கு அமரும்போது, பரிமாறுபவருக்கென்று சட்டியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை ஒருமுறை எட்டிப் பாருங்கள். குறைந்திருந்தால், உங்கள் பங்கிலிருந்து எடுத்து வையுங்கள்.