கையை நனைத்துக்கொள், மகளே!

எங்கள் வீட்டில் மீன் என்றால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, ஜோசியர் சொல்லும் மீன ராசி. மற்றொன்று, தெப்பக்குளத்தில் பாட்டி பொரி போடும்போது வாயைத் திறந்துகொண்டு மொய்க்குமே, அது. அப்பேர்ப்பட்ட குடும்பத்தில் பிறந்த நான் தூண்டிலும் கையுமாக முழங்காலளவு தண்ணீரில் நின்றேன் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

2022 செப்டம்பரில் காஷ்மீருக்குப் போயிருந்தேன். பஹல்காமில் லித்தர் ஆறு பாறைக்குப் பாறை தாவி ஓடுகிறது. பனிமலையிலிருந்து உருகி வரும் தண்ணீர். காலை வைத்தால் எலும்பு வரை சில்லிடும். நமக்குத்தான் அவஸ்தை, டிரௌட் மீனுக்கு அதுவே சுகம். குளிர்ந்த நீரில்தான் பிராணவாயு அதிகமாகக் கரைந்திருக்கும். அது குறைந்தால் இந்த மீன் திணறிப் போகும்.

டிரௌட் காஷ்மீரின் பூர்வகுடி அல்ல. தங்கள் ஊர் விளையாட்டு இங்கேயும் வேண்டும் என்று ஆசைப்பட்ட வெள்ளைக்காரர்கள் 1899ல் கப்பலில் அதன் முட்டைகளை வரவழைத்தார்கள். அவை வழியிலேயே அழிந்து போயின. மறு வருஷம் வந்தவை பிழைத்தன. நம் நீலகிரியிலும் இதே கதைதான். 1863ல் பிரான்சிஸ் டே என்ற டாக்டர் முயன்று தோற்றார். 1907ல்தான் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஏற்பட்டது.

இதைப் பிடிக்கும் முறையே அலாதி. புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. ஒரு சின்ன முள்ளில் இறகையும் பட்டு நூலையும் சுற்றி ஈ மாதிரி செய்து, அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஏமாற்ற வேண்டும். "இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று நினைக்காதீர்கள். தூண்டிலைப் பற்றி இங்கிலாந்தில் 1496ல் அச்சான புத்தகத்தில் பன்னிரண்டு வகை ஈக்களைக் கட்டும் முறை இருக்கிறது. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிமடத் தலைவி என்பது வெகு காலமாக வழங்கிவரும் பேச்சு.

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். மீன் துறையின் அனுமதிச் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, முதலில் சாமான்களை விளக்கினார். ஒன்பது அடி நீளக் கோல். இறகு போல லேசாக இருந்தது. கோலில் ஐந்தாம் எண் என்று போட்டிருந்தால் நூலும் ஐந்தாம் எண்ணாகவே இருக்க வேண்டும். மற்றத் தூண்டில்களில் நுனியில் கட்டிய குண்டின் கனம் நூலை இழுத்துப் போகும். இதில் தலைகீழ்: தடித்த நூலின் கனம்தான் கனமே இல்லாத ஈயைத் தூக்கிப் போகிறது. நூலின் முனையில் போகப் போக மெலியும் கண்ணாடி போன்ற நைலான் இழை. மீனின் கண்ணுக்குத் தெரியக்கூடாதல்லவா? தொப்பியும் கண்ணாடியும் அலங்காரத்துக்கு அல்ல. பின்னாலிருந்து பறந்து வரும் முள் கண்ணில் படாமல் இருக்கத்தான்.

வீசுவதற்குத் தோள்பலம் வேண்டாம். முறத்தில் அரிசி புடைத்திருக்கிறீர்களா? அதே மணிக்கட்டு, அதே நிதானம். கோலைப் பின்னால் கொண்டுபோய், நூல் முழுக்க நீளும் வரை காத்திருந்து, பிறகு முன்னால் விட வேண்டும். காத்திருக்காத குற்றத்துக்கு என் ஈ மூன்று முறை மரக்கிளையில் போய் உட்கார்ந்தது.

நாலாம் முறை, சுழலின் ஓரத்தில் ஒரு பளபளப்பு. கோல் வில்லாக வளைந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்து நிமிஷம் அதோடு மல்லுக்கட்டிக் கரைக்கு இழுத்தேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. தேன் நிற உடம்பில் யாரோ குங்குமப் பொட்டு வைத்தது போலச் சிவப்புப் புள்ளிகள்!

உடனே நான் செய்தது என்ன தெரியுமா? செல்பேசி நனைந்துவிடுமே என்று கையைத் துண்டால் நன்றாகத் துடைத்துக்கொண்டேன். உலர்ந்த கையால் மீனை இறுக்கிப் பிடித்துத் தூக்கினேன். பெரியவர் ஏதோ கூவினார். ஆற்றின் இரைச்சலில் காதில் விழவில்லை. முதல் படம் ஆடிப் போயிற்று. இன்னொன்று எடுத்தேன். முகம் சரியாக விழவில்லை. மூன்றாவது எடுத்தேன்.

தண்ணீரில் விட்டேன். அது வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. பெரியவர் ஓடி வந்து கையில் ஏந்தி வெகு நேரம் ஆட்டிப் பார்த்தார். பிரயோஜனமில்லை.

அவர் கோபிக்கவில்லை. "அடுத்த தடவை கையை நனைத்துக்கொள், மகளே" என்றார். அவ்வளவுதான்.

பிறகுதான் விவரம் சொன்னார். மீனின் உடம்பு முழுவதும் ஒரு வழவழப்புப் பூச்சு உண்டு. நோய் அண்டாமல் காப்பது அதுதான். உலர்ந்த கை அதை வழித்துவிடும். போராடிக் களைத்த மீனைத் தண்ணீருக்கு வெளியே பிடிப்பது, ஓடி இளைத்தவனின் மூக்கைப் பொத்துவது போல. எத்தனை நேரம் பொறுக்கும்? பத்து விநாடி கூட அதிகம்.

ஆகையால், உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மோகம் பிடித்தால் இவற்றைச் சொல்லி அனுப்புங்கள். முள்ளின் உள்பக்கம் எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூரைக் குறடால் நசுக்கிவிட வேண்டும்; அப்போது முள் சுலபமாகக் கழலும். முடிச்சுப் போட்ட நைலான் வலை கூடாது. ரப்பர் வலை நல்லது. மீனை நெடுநேரம் அலைக்கழிக்கக் கூடாது. செவுளில் விரல் படக்கூடாது. தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுத்து, தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும்படி மெதுவாகத் தாங்கிப் பிடித்தால், அதுவே தெம்பு வந்து நழுவிப் போகும். வெயிலில் தண்ணீரின் உஷ்ணம் 20 டிகிரி சென்டிகிரேடை நெருங்கிவிட்டால் அன்றைக்குத் தூண்டிலை மூட்டை கட்டிவிட வேண்டும். சாப்பிடுவதற்காகப் பிடிப்பவர்கள், சீட்டு அனுமதித்த அளவோடு நிறுத்திக்கொண்டு, தலையில் ஒரே அடியாக முடித்துவிட வேண்டும். துடிக்க விடுவது பாவம்.

சாயங்காலம் இன்னொன்று அகப்பட்டது. முதல் மீனைவிடச் சிறியது. செல்பேசியைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. பனித்தண்ணீரில் கை விறைக்க விறைக்க நனைத்துக்கொண்டு, வயிற்றின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்தேன். செவுள் திறந்து மூடுவது விரலுக்குத் தெரிந்தது. வாலை ஓர் உதறு உதறியது, போய்விட்டது. பெரியவர் தலையை ஆட்டினார்.

விளையாட்டுக்காக ஒரு ஜீவனின் வாயில் முள்ளை மாட்டுவது சரிதானா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கோலை மறுபடி எடுக்கவில்லை. ஆனால் மூன்றாவது படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் நான் வாய் கொள்ளாமல் சிரிக்கிறேன்; கையில் மீன் செத்துக்கொண்டிருக்கிறது.

ஊர் திரும்பியதும் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நிஜமாகவே மீனைத் தொட்டாயாடி?" என்று கேட்டாள்.

"தொட்டேன் அம்மா. கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டேன்" என்றேன்.

முதல் மீனைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.